10 வயசு எஸ்யூவி வாங்கப்போறீங்களா? கிலோமீட்டரை நம்பாதீங்க, பில்லைக் கேளுங்க!

புது ஹேட்ச்பேக் வாங்கும் பணத்துக்கு, பத்து வயதான பெரிய எஸ்யூவி ஒன்று செகண்ட்ஹேண்ட் சந்தையில் கிடைக்கிறது. ஏழு பேர் ஏறலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாட்டி, பேரன், அரிசி மூட்டை, தேங்காய் என எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளலாம். குண்டும் குழியுமான ரோட்டில் அடி தட்டாது. இந்தக் கணக்கில்தான் பலரும் ஸ்கார்பியோ, சஃபாரி, எக்ஸ்யூவி500, டஸ்டர், ஃபார்ச்சூனர் என்று தேட ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள். வண்டியின் விலைதான் குறைந்திருக்கிறது. அதன் ஸ்பேர் விலை குறையவில்லை. 15 லட்ச ரூபாய்க்கு விற்ற எஸ்யூவியை 5 லட்சத்துக்கு வாங்கினாலும், டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் செட் எல்லாம் 15 லட்ச ரூபாய் வண்டிக்கான விலையில்தான் வரும். தவறான வண்டி அமைந்தால், மிச்சப்படுத்திய பணம் ஒரே வருடத்தில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும்.

"அந்த மாடல் நல்ல மாடலா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. புது வண்டிக்கு அது சரியான கேள்வி. பத்து வருடம் ஓடிய வண்டிக்கு, "இந்த வண்டியை எப்படி வைத்திருந்தார்கள்?" என்பதுதான் முக்கியம். நல்ல பெயர் எடுத்த மாடல்கூட, நேரத்துக்கு ஆயில் மாற்றாத ஓனரிடம் இருந்திருந்தால் வீண்தான்.

40,000 கி.மீ. நல்லதா, 1.5 லட்சம் கி.மீ. நல்லதா?

"சிங்கிள் ஓனர், வயசானவர் ஓட்டிய வண்டி, 40,000-தான் ஓடியிருக்கு" என்பது புரோக்கர்களின் பழைய பல்லவி. பத்து வருடத்தில் 40,000 கி.மீ. என்றால் வருடத்துக்கு 4,000 கி.மீ.தான். டீசல் எஸ்யூவி வாங்கியவர்கள் பொதுவாக அவ்வளவு குறைவாக ஓட்டுவதில்லை. மீட்டரைத் திருப்பியிருக்கலாம். உண்மையிலேயே குறைவாக ஓடியிருந்தாலும், நின்றே கிடந்த வண்டியில் ரப்பர் குழாய்கள், ஆயில் சீல், டயர் எல்லாம் காய்ந்து வெடித்திருக்கும்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கும் 1.5 லட்சம் கி.மீ. வண்டி, பில்லே இல்லாத 40,000 கி.மீ. வண்டியைவிட மேல். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பராமரித்த வண்டி என்றால், அங்கே பதிவெண்ணை வைத்து சர்வீஸ் ஹிஸ்டரி எடுக்க முடியும். ஓனரையே உடன் அழைத்துப் போய்க் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கி.மீ. என்று வரிசையாக இருக்கும். நடுவில் மீட்டர் பின்னோக்கிப் போயிருந்தால் தெரிந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் உற்பத்தித் தேதி நான்கு எண்களில் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ஸ்டீயரிங், பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட் ஓரம் ஆகியவை வழுவழுவென்று தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் 40,000 காட்டினால் நம்பாதீர்கள்.

காலையில் போங்கள், இன்ஜின் சூடாகும் முன்பு!

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், அவர்கள் முன்பே ஓட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். டீசல் இன்ஜினின் பல கோளாறுகள் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும்.

ஸ்டார்ட் செய்ததும் புகையைக் கவனியுங்கள். நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை தொடர்ந்து வந்தால் இன்ஜெக்டர், காற்று செல்லும் பாதை, இ.ஜி.ஆர் ஆகியவற்றில் பிரச்னை இருக்கலாம். இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால், கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் பால் ஆடைபோலப் படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது.

டைமிங் பெல்ட் பற்றியும் கேளுங்கள். டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல், பழைய ஃபார்ச்சூனரின் 3.0 லிட்டர் டீசல் போன்றவற்றில் பெல்ட் உண்டு. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். "மாத்தியாச்சு சார்" என்ற பதில் போதாது; பில் வேண்டும். பில் இல்லையென்றால், பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கீழே குனிந்து பாருங்கள்

ஸ்கார்பியோ, பழைய சஃபாரி, ஃபார்ச்சூனர் ஆகியவை சேஸி மீது பாடியைப் பொருத்திய வண்டிகள். இவற்றை லிஃப்ட்டில் ஏற்றி சேஸியை நீளவாக்கில் பார்க்க வேண்டும். வெல்டிங் தழும்பு, வளைவு, புதிதாக அடித்த கறுப்பு பெயின்ட் இருந்தால் காரணம் கேளுங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் துருவையும் கவனிக்க வேண்டும். டஸ்டர், எக்ஸ்யூவி500 போன்றவற்றில் தனி சேஸி கிடையாது. இவற்றில் பானெட்டுக்குள் இரு பக்கச் சுவர்களும், கதவுத் தூண்களும்தான் பலம். அங்கே டிங்கரிங் செய்த தடயம் இருந்தால் பெரிய விபத்தைச் சந்தித்த வண்டி.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிப்பது இன்னும் முக்கியம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி பகுதிகளிலும் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருக்கும். கார்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம், ஸ்டெப்னி வைக்கும் இடம் ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளம் புகுந்த வண்டியில் இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். ஒயரிங் எப்போது, எங்கே காலை வாரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓட்டிப் பார்க்கும்போது...

தெருமுனை வரை ஒரு ரவுண்டு போதாது. அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். மேடு, மோசமான ரோடு, ஹைவே மூன்றும் இருக்கட்டும். பாட்டை அணைத்துவிடுங்கள். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. ஏ.சி. போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறக் கூடாது. பள்ளத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட் வேலை இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால், அதை மண் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம்.

குடும்பம் ஏறப்போகும் வண்டி இது!

பெரிய வண்டி என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. இந்தியாவில் எல்லாப் புது கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். அதற்கு முன்பு வந்த எஸ்யூவிகளின் விலை குறைந்த வேரியன்ட்களில் இவை இல்லாமலே இருக்கலாம். எந்த வேரியன்ட் என்று ஆர்.சி-யில் பாருங்கள்.

ஏர்பேக் இருந்தாலும் அது வேலை செய்ய வேண்டுமே? சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கலாம். மெக்கானிக்கிடம் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பேர் கிடைக்குமா?

செவர்லே 2017 இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. டஸ்டரின் உற்பத்தி 2022-ல் நின்றது. இப்படிப்பட்ட வண்டிகள் விலை குறைவாகக் கிடைக்கும். ஓடுவதற்கும் நன்றாக இருக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஹெட்லைட், கிளட்ச் செட், இன்ஜெக்டர், லோயர் ஆர்ம் ஆகிய நான்குக்கும் விலை என்ன, எத்தனை நாளில் வரும் என்று உங்கள் ஊர் ஸ்பேர் கடையில் கேட்டுவிடுங்கள். கடைக்காரர் யோசித்தால், நீங்களும் யோசிக்க வேண்டும்.

காகிதத்தில் கோட்டை விடாதீர்கள்

பரிவாஹன் தளத்தில் எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் பாக்கி, இன்சூரன்ஸ், நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பாருங்கள். பழைய பாலிசியில் 'நோ கிளெய்ம் போனஸ்' எவ்வளவு என்று கவனியுங்கள். தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லை என்றால் 50 சதவிகிதம் வரை இருக்கும். "ஒரு கீறல்கூட விழாத வண்டி" என்பவரின் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

'டெல்லி வண்டி' பாதி விலைக்கு வருவதற்கும் காரணம் உண்டு. டெல்லி தலைநகரப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படி வரும் வண்டிக்கு அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும். சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான். அதன்பின் எஃப்.சி. பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

வாங்கிய பிறகு பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாள்களுக்குள் விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருந்தால், விபத்து நடக்கும் நாளில் வண்டிக்கான இழப்பீடு உங்களுக்குக் கிடைக்காது.

கடைசியாக, கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் வண்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். ஆயில், ஃபில்டர், பிரேக், பெல்ட், பேட்டரி, டயர் என்று முதல் ஆறு மாதத்தில் அந்தப் பணத்துக்கு வேலை வரும். 5 லட்சம் இருந்தால் 4 லட்ச ரூபாய் வண்டியைத் தேடுங்கள். இதில் ஏதாவது ஒன்று சரியில்லை என்று மெக்கானிக் தலையாட்டினால், "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பி வந்துவிடுங்கள். அடுத்த வாரம் வேறு வண்டி வரும்!