பதமேறிய எஃகில் துளையிடும் முறை

கொழுவும் பலுகுப் பற்களும் எளிதில் தேயாதிருக்கும் பொருட்டுக் காய்ச்சித் தோய்ச்சலிடப்படுகின்றன. அவ்வாறு கடினமான எஃகில் போல்ட்டுக்குத் துளையிட முயன்றால் துறப்பணத்தின் அலகு வழுக்கி மழுங்கும். குளிர்ந்தபடியே உளிவைத்து அடித்துத் துளைப்பதோ அதனினும் கேடு. ஓரத்தில் நுண்ணிய வெடிப்பு உண்டாகி, உழவு மும்முரமான நாளில் கொழு அவ்விடத்திலேயே முறியும்.

முதற்கண் அரத்தால் உரசிப் பார்க்கவும். அரம் பிடியாது வழுக்கினால் எஃகு பதமேறியதென்று அறியலாம். அதனை உலையிலிட்டு, காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது 770 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேலாக, செந்நிறமாகக் காய்ச்சுக. பின் உலர்ந்த சாம்பலில் புதைத்து ஓரிரவு ஆறவிடவேண்டும். மறுநாள் சிறிய அலகால் முதலிலும், உரிய அலகால் பின்னரும், எண்ணெய் விட்டு மெதுவாகச் சுழற்றி, அழுத்தித் துளைக்கவும். அழுத்தமின்றிச் சுழற்றினால் அலகு உராய்ந்து சூடேறிக் கெடும். துளையோரப் பிசிறையும் சீவிவிடுதல் அவசியம். வெடிப்பு தொடங்குமிடம் அதுவே.

இவ்வளவில் விட்டால் மென்மையான கொழு விரைவில் தேயும். ஆதலால் மீண்டும் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மெருகிட்ட பரப்பில் நீலநிறம் தோன்றுமட்டும் மிதமாகச் சூடாக்கவேண்டும். நொறுங்கும் குணம் அதனால் நீங்கும்.

புதுக்கொழு அடிப்பிக்கும் விவசாயிகள், தோய்ச்சலுக்கு முன்னரே துளையிடுமாறு கொல்லரிடம் சொல்வார்களாயின் இப்பிரயாசை முழுவதும் மிச்சமாகும். கிராம அதிகாரிகளும் இதனை எடுத்துரைத்தல் நலம்.