17 வளைவு... வாரம் ஒரு தடவை போதும்!

போடியிலிருந்து போடிமெட்டுக்கு சைக்கிள் மிதிக்க ஆசையா? முந்தலுக்கு மேலே 17 கொண்டை ஊசி வளைவுகள்! தினமும் ஏறினால் முழங்கால் சும்மா விடாது. மிதித்த உடம்பு தேறுவது ஓய்வில்தான்.

வாரத்தை இப்படிப் பிரியுங்கள்: திங்கள், புதன் ஓய்வு. செவ்வாய், வியாழன் தேனி ரோட்டில் ஒரு மணி நேரம். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். வெள்ளி முந்தல் வரை மட்டும். சனி எண்ணெய்க் குளியல். அன்று வெயிலும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். (பெண்கள் வெள்ளியையும் சனியையும் மாற்றிக்கொள்ளலாம்.) ஞாயிறு விடியலில் மலை; முதல் மாதம் பாதி வளைவோடு திரும்பிவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவரா? சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டா? டாக்டரிடம் இதயத்தைப் பரிசோதித்த பிறகே தொடங்குங்கள். ஏறும்போது நெஞ்சு இறுகினால் வீம்பு வேண்டாம். சைக்கிளை ஓரம் கட்டி, வருகிற வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்!