தண்ணீர் எங்கே போகிறது?

வாரம் ஒரு முறை காரின் முன்மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பழைய மோரிஸ் மைனர் காலத்தில் அது பழக்கம். இன்றைய காரில் அது நோய்க்குறி. இன்றைய கார்களில் கூலண்ட் மூடிய வட்டத்துக்குள் சுற்றி வருவது. மாதக்கணக்கில் அளவு குறையக்கூடாது.

சிராங்கூன் சாலைப் பக்கம் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எப்போதும் இரண்டு புட்டித் தண்ணீரைப் பின்பெட்டியில் வைத்திருப்பார். "கீழே ஒரு சொட்டு இல்லையே, பிறகென்ன கவலை?" என்பது அவர் வாதம். தீபாவளிக்கு முன்னாள் மனைவி, பிள்ளைகளுடன் குளுவாங் பக்கத்துத் தோட்டத்துக்குப் புறப்பட்டார். 1924-ல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். பண்டிகைக் காலத்தில் அதைக் கடக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுப்பாலத்தில் முன்மூடிக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. முறுக்கு டின்களோடு குடும்பமே வெயிலில் நின்றது. எஞ்சினின் ஹெட் வளைந்துவிட்டது. அந்தச் செலவில் ஊருக்கு விமானத்தில் போய் வந்திருக்கலாம்!

ஓடும் காருக்கு எதிர்க்காற்றே பாதி உதவி. ஊர்ந்து நிற்கும்போது மின்விசிறி ஒன்றுதான் துணை. ஏர்கண்டிஷனின் சூடும் சேர்ந்துகொள்ளும். "வெப்பமானி முள் ஏறினால் தெரிந்துவிடுமே" என்று நம்பியிருக்காதீர்கள். கூலண்ட் மிகவும் இறங்கிவிட்டால், அளக்கும் கருவி நீரில் நனையாமல் ஆவியில் நிற்கும். அப்போது எஞ்சின் கொதிக்க, முள் சாதுவாகக் கீழே கிடப்பதும் உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் புழுக்கத்தில் எல்லாக் கார்களும் ஏர்கண்டிஷன் தண்ணீரைச் சொட்டும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கூலண்டுக்குப் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது சாயம் இருக்கும், விரலிடுக்கில் வழுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பக்கத்துக் காரின் சொட்டும் கலந்துவிடும். ஆகவே இரவில் ஒரு வெள்ளை அட்டையை உங்கள் காரின் அடியில் போட்டுப் பாருங்கள்.

காலையில் அட்டை காய்ந்து கிடக்கிறது, அளவு மட்டும் குறைகிறது என்றால்தான் விஷயம் சிக்கல். சூடான எஞ்சின் மேல் விழும் சொட்டு தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். வெளுத்த அல்லது நிறமுள்ள ஒரு பொருக்கு மட்டும் மிஞ்சும். ஹோஸ் குழாய் இணைப்புகளிலும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரத்திலும், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்திலும் டார்ச் அடித்துத் தேடுங்கள். சில வெடிப்புகள் சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டும் திறந்து, ஆறியதும் மூடிக்கொள்ளும்.

சிங்கப்பூரில் ஹீட்டர் எதற்கு என்பீர்கள். ஆனாலும் பல கார்களில் முன்பலகைக்குப் பின்னால் அதற்கான குட்டி ரேடியேட்டர் உண்டு. அது ஒழுகினால் காலடிக் கம்பளம் ஈரமாகும், கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படியும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது ஹெட் கேஸ்கெட் போவது. கூலண்ட் எஞ்சினுக்குள்ளேயே எரிந்து, இனிப்பு வாடையோடு வெண்புகையாகப் போகும்; ஆயில் மூடியின் உட்புறம் மோர்க்களி போல் வெளுத்திருக்கலாம்.

பட்டறைக்குப் போனால், "பிரஷர் டெஸ்ட் செய்து பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆறிய ரேடியேட்டரின் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் வைப்பார்கள். முள் இறங்கினால் ஓட்டை உண்டு. மூடியையும் தனியே சோதிக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தைத் தாங்கி, கூலண்ட் 120 டிகிரி வரை கொதிக்காமல் காப்பது அந்த மூடிதான். ஸ்பிரிங் தளர்ந்தால் வெந்நீர் வழிந்தோடிவிடும். இருப்பதிலேயே மலிவான சாமானும் அதுவே. கேஸ்கெட் மேல் சந்தேகம் வந்தால் ஒரு நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் பிடிப்பார்கள். பெட்ரோல் எஞ்சினின் புகை கூலண்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும்.

முட்டை வெள்ளைக்கருவும் மிளகுத்தூளும் போட்டு ஓட்டையை அடைக்கும் பாட்டி வைத்தியம் ஒன்றுண்டு. ரசத்துக்குத்தான் அது லாயக்கு. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

இங்கே இன்னொரு மனப்பான்மையும் உண்டு. 1990-ல் வந்த வாகன உரிமைச் சான்றிதழுக்கு ஆயுள் பத்தாண்டு. ஒன்பதாவது ஆண்டில், "எப்படியும் கொடுத்துவிடப் போகிறோம், தண்ணீர் ஊற்றியே ஓட்டுவோம்" என்பார்கள். நண்பரும் அந்தக் கணக்கில்தான் இருந்தார். வாட்டர் பம்பை முன்பே மாற்றியிருந்தால் ஹெட் தப்பியிருக்கும். பெல்ட்டின் பின்னால் பச்சைப் பொருக்கு கட்டித்தான் கிடந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும். நம் ஊரில் நீர் உறையாதே, கூலண்ட் வீண் செலவு என்றும் எண்ணாதீர்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதுவே. ஆபத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றலாம், பிறகு மாற்றிவிடுங்கள். பெரும்பாலான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். சிந்தியதை உடனே துடைத்துக் கழுவுங்கள். மிச்சத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், கீழ்த்தளத்தில் பூனைகள் இருக்கின்றன.