உங்களுக்குத் தெரியுமா?

லினக்ஸில் ‘0 பைட்’ என்று காட்டும் ஒரு கோப்பைத் திறந்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் சூழல் மாறிகள் வரிசையாகக் கொட்டும்!

• ‘ப்ராக்’ அடைவில், நிரலின் ப்ராசஸ் எண்ணுக்குரிய உள்ளடைவில் இருக்கும் ‘என்விரான்’ கோப்பு அது. வட்டில் அது கிடையாது. படிக்கும் நொடியில் நிரலின் நினைவகத்திலிருந்து கெர்னல் எடுத்துத் தருகிறது.

• தெரிவது, நிரல் தொடங்கியபோது இருந்த பட்டியல். மொழியைக் குறிக்கும் ‘லாங்’ மாறியை நிரல் பிறகு தமிழுக்கு மாற்றினாலும், கோப்பில் பொதுவாகப் பழைய மதிப்பே நிற்கும். பிழை தேடுவோர் ஏமாறும் இடம் இதுதான்.

• சாதாரணப் பயனர் பிறரது நிரலின் கோப்பைப் படிக்க முடியாது. நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்குத் தடையில்லை.

• தமிழக மாணவர்களுக்கு 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த பாஸ் லினக்ஸிலும் இக்கோப்பு உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது.