மின்சார ஆற்றில் குட்டிச் சுழிகள்!

கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகிறது. ஏன்?

கம்பி மின்சாரத்தைத் தடுக்கிறது. அதனால் ஒரு பகுதி மின்சாரம் வெப்பமாக மாறி வீணாகிறது.

தடையே இல்லாத பொருள் உண்டா?

உண்டு! 1911-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் லெய்டன் நகரில் அது தெரிய வந்தது. காமர்லிங் ஆன்ஸ் என்ற விஞ்ஞானி பாதரசத்தைக் குளிர வைத்துக் கொண்டே போனார். பூஜ்யத்துக்கும் கீழே 269 டிகிரி செல்சியஸ் வந்தது. தடை திடீரென்று மறைந்து விட்டது!

இப்படிப்பட்ட பொருளுக்கு "மீகடத்தி" என்று பெயர்.

மாணவர் போட்ட கணக்கு

1962-ம் ஆண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் இருந்தார். பெயர் பிரையன் ஜோசப்சன். வயது 22.

இரண்டு மீகடத்தித் துண்டுகளுக்கு நடுவே, மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் இருக்கிறது. அதையும் ஊடுருவிக் கொண்டு மின்சாரம் தடையின்றிப் பாயும் என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

அமெரிக்க மேதை ஜான் பார்டீன் அதை மறுத்தார். அவர் ஏற்கனவே நோபல் பரிசு பெற்றவர்!

1963-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர் சொன்னதே சரி! 1973-ல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பல்லாங்குழிப் பலகை

இப்படிப்பட்ட இணைப்புகளை ஆயிரக்கணக்கில் வரிசை வரிசையாக அடுக்கினார்கள். சின்னஞ்சிறு தீவுகள் போல் மீகடத்தித் துண்டுகள். ஒரு தீவையும் அடுத்த தீவையும் சேர்ப்பது ஜோசப்சன் இணைப்பு.

இதன் மீது இலேசான காந்த சக்தியைச் செலுத்தினால், மின்சாரம் அங்கங்கே வட்டமிடும். காவிரியில் வெள்ளம் சுழித்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது போன்ற சுழிதான் இதுவும். நாலு தீவுகளுக்கு நடுவே, பல்லாங்குழியில் சோழி உட்காருவது போல அது உட்கார்ந்து கொள்ளும்.

சுழி நகர்ந்தால்?

பலகையில் மேற்கேயிருந்து கிழக்கே மின்சாரத்தை விட்டால், சுழி எந்தப் பக்கம் போகும்?

மின்சாரத்தோடு போகாது. வடக்கிலோ தெற்கிலோ, குறுக்கே தள்ளப்படும்!

கடுங்குளிரில் மின்சாரம் குறைவாக இருந்தால், சுழி குழியை விட்டு ஏறாது. மின்சாரம் மிகுந்தால், மேட்டைத் தாண்டி அடுத்த குழிக்குக் குதிக்கும். பிறகு அதற்கும் அடுத்த குழி. அப்போது, மறைந்து போன தடை மறுபடியும் தலை காட்டும்!

ஜோடி பிரியும் நேரம்

காந்தம் இல்லாமலும் சுழிகள் பிறக்கும். வெப்பமே அவற்றைப் பிறப்பிக்கிறது. ஒன்று வலமாகச் சுற்றும். மற்றது இடமாகச் சுற்றும். குளிரில் இரண்டும் ஜோடி சேர்ந்தே இருக்கும். வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால் ஜோடி பிரியும். தனித்தனியே அலையும். உடனே தடையும் வந்து சேரும்.

இப்படி ஜோடி பிரிவதை 1970-களில் விளக்கிய டேவிட் தவ்லஸ், மைக்கேல் காஸ்டர்லிட்ஸ் இருவரும் 2016-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அடங்குவர்.

நமக்கு என்ன பயன்?

ஆஸ்பத்திரிகளில் உடலின் உட்புறத்தைப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் பலவற்றில், காந்தம் மீகடத்திக் கம்பியால் ஆனது. அந்தக் கம்பியிலும் சுழிகள் உண்டு. அவை நகராதபடி, கம்பிக்குள் வேண்டுமென்றே சிறுசிறு குறைகளை உண்டாக்குகிறார்கள். சுழிகள் அவற்றில் சிக்கி நின்று விடும்.

சுழி நின்றால் மின்சாரம் தடையின்றி ஓடும். சுழி ஓடினால் மின்சாரம் வீண்!