பயணியர் டீசல் எஞ்சின் வளர்ச்சியில் சக்கரப் பிடிமானம்: டபிள்யூ.டி.பி.4 வகையை முன்வைத்து

இந்திய இரயில்வேயின் அகலப்பாதைப் பயணியர் டீசல் எஞ்சின்கள் 'டபிள்யூ.டி.பி.' எனக் குறிக்கப்படுகின்றன. இவற்றின் வளர்ச்சியைக் குதிரைத்திறனின் உயர்வாக மட்டும் காண்பது பொருந்தாது.

அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில் 2001-இல் இறக்குமதியாகி, பின்னர் வாரணாசியில் உருவாக்கப்பட்ட டபிள்யூ.டி.பி.4 எஞ்சின் 4000 குதிரைத்திறன் கொண்டது. எனினும் அதன் ஆறு அச்சுகளுள் நான்கிற்கே இழுவை மோட்டார்கள் பொருத்தப்பட்டன. எஞ்சினின் எடையை ஆறு அச்சுகளும் தாங்கியமையால், இழுவைக்குத் துணைபுரியும் எடை குறைந்தது. ஆகவே நெடிய பெட்டித் தொடரைக் கிளப்பும்போதும் ஏற்றப் பாதையிலும் சக்கரங்கள் எளிதில் வழுக்கின. ஆறு அச்சுகளிலும் மோட்டார் கொண்ட, 4500 குதிரைத்திறனுடைய டபிள்யூ.டி.பி.4பி 2010-இல் அறிமுகமானபோது இக்குறை பெரிதும் நீங்கியது.

ஆற்றல் மிகினும் பிடிமானம் இன்றேல் அது இழுவையாக மாறாது என்பதே இவ்வளர்ச்சி உணர்த்தும் முடிபாகும்.