அல்லித்தண்டுச் சங்கிலி

குளத்துக்குக் காவிரித் தண்ணீர் வந்து அல்லி பூத்துவிட்டால், எங்கள் தெருப் பிள்ளைகள் நகை செய்யத் தொடங்கிவிடுவார்கள். தண்டை ஒடித்து ஒருபக்கம் நாரோடு விடுவார்கள். அடுத்த ஒடிப்பு மறுபக்கம். இரட்டைச் சரம் தயார். நுனியில் உள்ள பூதான் பதக்கம்.

எங்கள் பாட்டிமார் காதுத்துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தார்கள், கழுத்தில் பாசிமணி. வறுமை மட்டுமே காரணமா? 1930 டிசம்பரில், பக்கத்து ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது என்பதே முதல் தடை. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் இதைத் தன் நூலில் பதிந்திருக்கிறார். கையில் காசிருந்தாலும் காதுக்குப் பொன் கிடையாது!

இன்று எங்கள் பெண்கள் பழைய நாளிதழை நாடாவாக வெட்டி, பசை தடவிச் சுருட்டி, வார்னிஷ் பூசி மணி கோக்கிறார்கள். நிறம்போன பிளாஸ்டிக் வளையலில் பட்டுநூல் சுற்றுகிறார்கள். வாங்க வருகிறவர்களோ, "குப்பையில செஞ்சதுதானே, குறைச்சுக் குடு" என்கிறார்கள். காகிதம் சும்மா கிடைத்தது, சரி. அதைச் சுருட்டிய கை?

கல்லூரிக்குப் போகும் தங்கச்சிகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: ஒரு மாலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊர் நடவுக்கூலியை வைத்துக் கணக்குப் போட்டு, பசை, நூல், கொக்கிச் செலவைச் சேர்த்து, அந்த விலையை அட்டையில் எழுதிக் கட்டிவிட்டுச் சந்தைக்குப் போங்கள்.